மேக்கிள்ஸ்ஃபீல்டில் இயன் கர்ட்டிஸ்: போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு

சிங்கப்பூரில் குடியேறிய பிறகும் எனக்கு ஊர் என்றால் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்தான். அப்பா மருத்துவராக வேலைக்கு வந்து சேர்ந்த ஊர், நான் பிறந்து படித்த ஊர். இந்தக் கோடையில் அப்பா அம்மாவைப் பார்க்கப் போனபோது, பக்கத்து ஊரான மேக்கிள்ஸ்ஃபீல்டில் இருக்கும் இயன் கர்ட்டிஸின் நினைவுக்கல்லையும் பார்த்து வந்தேன்.

நியூ வேவ், போஸ்ட் பங்க் என்று எழுபதுகளின் கடைசியில் எழுந்த ராக் இசை வகைகளைக் கேட்பவர்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஜாய் டிவிஷன் என்ற ஆங்கில ராக் குழுவின் பாடகர், பாடல்களை எழுதியவரும் அவரே. குழுவின் முதல் ஆல்பமான 'அன்னோன் பிளெஷர்ஸ்' 1979இல் பதிவானது எங்கள் ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெர்ரி ஸ்டூடியோவில். ஸ்டூடியோ மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. கட்டடத்தில் நினைவுப் பலகை மட்டும் இருக்கிறது.

ஸ்டாக்போர்ட்டிலிருந்து மேக்கிள்ஸ்ஃபீல்டுக்கு ரயிலில் கால் மணி நேரம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கிளம்பாதீர்கள். நான் முதலில் கிளம்பியது ஒரு ஞாயிறு. தண்டவாள வேலை என்று ரயிலை நிறுத்திவிட்டு மாற்றுப் பேருந்து விட்டிருந்தார்கள். அது எங்கே நிற்கும் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. வயதான ஒரு அம்மா பெட்டியோடு மழையில் நின்றுகொண்டிருந்தார். கட்டணத்தை மட்டும் முழுசாக வாங்கிக்கொண்டு பயணிகளை இப்படி விடுவது ரொம்பத் தப்பு. திரும்பி வந்துவிட்டு வேலை நாளில் போனேன், சிரமமில்லை.

கல்லறைத் தோட்டம் பிரெஸ்ட்பரி சாலையில் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து மேடேறி நடந்தே போய்விடலாம். உள்ளே வழி கேட்டபோது, பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஊழியர் ஒருவர் கூடவே வந்து திருப்பம் வரை காட்டிவிட்டுப் போனார். தினமும் கேட்கிற கேள்வியாகத்தான் இருக்கும், ஆனாலும் முகத்தில் அலுப்பே இல்லை.

பெரிய சமாதியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். உடலை 1980 மே 23 அன்று இங்கேதான் தகனம் செய்தார்கள். நடைபாதையை ஒட்டி ஒரு சின்னக் கல். பெயர், இறந்த தேதி, கீழே 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' என்ற பாடல் தலைப்பு, அவ்வளவுதான். முன்பு இருந்த கல்லை 2008இல் யாரோ திருடிவிட்டார்கள். இப்போது இருப்பது அதற்குப் பிறகு வைத்தது. ஒருவர் நினைவாக வைத்த கல்லைப் பெயர்த்துப்போக எப்படித்தான் மனம் வந்ததோ!

அங்கே நின்றபோது நான் அதிகம் யோசித்தது அவர் பார்த்த வேலையைப் பற்றி. மேடை ஏறிக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் மேக்கிள்ஸ்ஃபீல்டு அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில், உடல்குறை உள்ளவர்களுக்கு வேலை தேடித் தரும் பிரிவில் இருந்தார். அக்கறையோடு செய்தார் என்றே கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அங்கே வந்துகொண்டிருந்த வலிப்பு நோயுள்ள ஒரு பெண் திடீரென வராமல் போனார். வலிப்பு வந்து இறந்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பெண்ணை நினைத்து ஒரு பாடல் எழுதினார். அப்புறம் அதே நோய் அவருக்கும் வந்தது. லண்டனில் பாடிவிட்டுத் திரும்பும் வழியில், 1978 டிசம்பரில் காரிலேயே பெரிய வலிப்பு. அடுத்த மாதம் நோய் உறுதியானது.

அன்றைய மருந்துகள் கனமானவை, மனநிலையையே புரட்டிப் போடுபவை. தூக்கமில்லாத இரவுகள், மேடையின் மின்னும் விளக்குகள், திருமண வாழ்க்கையில் விரிசல் எல்லாம் சேர்ந்துகொண்டன. 1980 ஏப்ரலில் உயிரை விட முயன்று பிழைத்தார். அப்போதும் சில நாட்களில் மறுபடி மேடைதான். அந்த ஏப்ரலிலாவது நிகழ்ச்சிகளை நிறுத்தி அவரை வீட்டில் இருக்க வைத்திருக்க வேண்டும் என்பது என் திடமான எண்ணம். மே 18 அன்று, அமெரிக்கப் பயணத்துக்கு முந்தைய நாள், பார்ட்டன் தெரு வீட்டில் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 23. மகளுக்கு அப்போதுதான் ஒரு வயது முடிந்திருந்தது. குழுவின் மற்ற மூவரும் நியூ ஆர்டர் என்ற பெயரில் தொடர்ந்தார்கள்.

பார்ட்டன் தெருவுக்கும் பலர் போகிறார்கள். அது அக்கம்பக்கத்தில் குடும்பங்கள் வாழும் குறுகலான தெரு. வாசலில் கும்பலாக நிற்பதும் கதவைத் தட்டுவதும் வேண்டாம். படம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் மில் தெருவுக்குப் போங்கள். அங்கே 2022இல் அவர் முகத்தைச் சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் வரைந்திருக்கிறார்கள், எவ்வளவு நேரம் நின்றாலும் யாருக்கும் தொந்தரவில்லை.