ஐசிடிஎல் சான்றிதழ்: காசுக்கும் நேரத்துக்கும் தகுமா?

தகும், சரியான பாடப்பிரிவுகளைத் தேர்ந்தெடுத்தால். பின்லாந்தின் ‘கணினி ஓட்டுநர் உரிமம்’ என்ற சான்றிதழை அடிப்படையாக வைத்து 1990களின் நடுவில் ஐரோப்பாவுக்காக உருவான கணினித் திறன் தேர்வு இது. முதலில் அதன் பெயர் ஈசிடிஎல், அதாவது ஐரோப்பியக் கணினி ஓட்டுநர் உரிமம். இன்று பல நாடுகளில் வேலை தருபவர்களுக்குத் தெரிந்த பெயர் ஐசிடிஎல்.

மனப்பாடம் இங்கே அதிகம் உதவாது. பல கேள்விகள் செய்துகாட்டச் சொல்கின்றன. பத்திக்கு மேலே இடைவெளி விடச் சொன்னால் பலரும் என்டரைத் தட்டுகிறார்கள். பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும், ஆனால் கேட்டது பத்தியின் வடிவமைப்பில் வைக்கும் இடைவெளி. புதுப் பக்கத்துக்கு என்டரை அடுக்குவதும், எழுத்துகளை நேராக நிறுத்த ஸ்பேஸ் பாரை அழுத்துவதும் இதே வகைத் தவறுகள். பொதுவாக ஒரு பிரிவுக்கு 45 நிமிடம், தேர்ச்சிக்கு 75 சதவீதம். இப்படிச் சின்னச் சின்னதாக விட்டாலே தோல்விதான்.

எங்கள் கணிப்பில் இதில் ஆக மதிப்புள்ளது ஸ்ப்ரெட்ஷீட் பிரிவு, அதாவது எக்செல் போன்ற கணக்குத் தாள். அதிகம் பேர் சறுக்குவதும் அங்கேதான். வரி விகிதம் ஒரே செல்லில் (கட்டத்தில்) இருக்கும்போது ஃபார்முலாவைக் கீழே இழுத்தால், அதிலுள்ள அந்தச் செல்லின் முகவரியும் கூடவே இறங்கிக் காலி செல்லைப் பிடித்துக்கொள்ளும்; பெருக்கினால் பூஜ்யம் வரும். முகவரியில் டாலர் குறி போட்டுப் பூட்ட வேண்டும். எக்செல்லில் எஃப்4 விசை அதைச் செய்துவிடும். இன்னொன்று: தசம இலக்கத்தைக் குறைத்தால் திரையில் தெரிவது மட்டுமே மாறும், உள்ளே எண் எல்லாத் தசம இலக்கங்களோடும் அப்படியே இருக்கும். அதனால்தான் கூட்டுத்தொகை கடைசி இலக்கத்தில் இடிக்கிறது. எண்ணையே மாற்ற ரவுண்ட் ஃபங்ஷன் வேண்டும்.

பிரசன்டேஷன் பிரிவு சுலபம். நேரம் குறைவென்றால் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

குறையும் உண்டு. தட்டச்சு வேகத்தை இது சோதிப்பதில்லை, வேலைக்கு அது தேவையென்றால் தனியாகத்தான் தேற வேண்டும். பயிற்சியின் தரமும் மையத்துக்கு மையம் மாறும். பாடத்திட்டம் இணையத்தில் இலவசம். அதை வரிவரியாகச் செய்து பார்த்துவிட்டு, தெரியாததற்கு மட்டும் வகுப்பு போதும்.

பணம் கட்டும் முன் தேர்வு எந்த மென்பொருளில், எந்தப் பதிப்பில் என்று மையத்தில் கேளுங்கள். வீட்டில் ஒரு பதிப்பில் பழகி, அங்கே வேறொன்றைத் திறந்தால் மெனுவைத் தேடியே நேரம் போய்விடும். மாதிரித் தேர்வை 35 நிமிடத்தில் முடிக்கப் பழகுங்கள். பதிவில் பெயரை அடையாள அட்டையில் உள்ள எழுத்துப்படியே கொடுங்கள்.