மூன்று நாள் மலையகப் பயணத்துக்கு 30 லீற்றர் பை காணுமா?

காணும். இடம் போதாமல் போவதில்லை; தண்ணீர்தான் இந்தப் பையைக் கவிழ்க்கிறது.

கடைகளில் நாலைந்து பெயர்களில் தொங்கும் ஒரே வார்ப்புப் பை இது. உயரம் 48 சென்ரிமீற்றர், அகலம் 29, தடிப்பு 21. துணி 210 டெனியர் (நூலின் தடிப்பு அளவு) நைலோன். வெறும் பை 850 கிராம். முன்பக்கம் சூட்கேஸ் மாதிரி முழுவதும் திறக்கும் என்பதால் அடியில் கிடக்கும் காலுறையை எடுக்க எல்லாவற்றையும் வெளியே கொட்டத் தேவையில்லை. கோச்சியிலோ இ.போ.ச. பஸ்ஸிலோ மேல்தட்டில் இடமில்லாவிட்டால் மடியில் வைத்துக்கொள்ளலாம். 50 லீற்றர் பையென்றால் டிக்கிக்குத்தான் போகும். மழை நாளில் அது எப்படி வெளியே வரும் என்று பதுளை பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும்.

குறை மழையுறையில். அடிப் பொக்கெற்றிலிருந்து இழுத்துப் போர்த்தினால் முன்பக்கமும் பக்கவாட்டும் மூடும், முதுகுப்பக்கம் திறந்தே கிடக்கும். தலையிலும் கழுத்திலும் விழும் மழை ஜெக்கெற்றில் வழிந்து, முதுகுக்கும் பைக்கும் நடுவே இறங்கி, உறையின் அடியில் தேங்குகிறது. அங்கே வடிகால் ஓட்டை இல்லை. ஆக, பையின் அடிப்பகுதி ஒரு சட்டிக்குள் இருப்பதுபோல ஊறும். ஹப்புத்தளைக் கணவாய்க் காற்றில் இன்னொரு வில்லங்கம்: உறையைப் பையோடு பிணைக்கும் கொக்கி இல்லை, இலாஸ்ரிக் மட்டுமே. காற்று உள்ளே புகுந்தால் பலூன் மாதிரி ஊதிக் கழன்றுவிடும். கடையிலேயே உறையை வெளியே எடுத்துக் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்கு மருந்து வெளியே இல்லை, உள்ளே. தடித்த பெரிய பொலித்தீன் பை ஒன்றைப் பைக்குள் விரித்து, உடுப்பையெல்லாம் அதற்குள் வைத்து, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்துச் செருகுங்கள். முடிச்சுப் போட வேண்டாம். குளிரில் விரல் விறைத்த நேரத்தில் அவிழ்க்க ஏலாது. ஹோட்டன் சமவெளிக்குப் போவதானால் இது சரிவராது. நுழைவாயிலில் பைகளைத் திறந்து பார்த்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். அங்கே வாயைச் சுருட்டிக் கொக்கி போடும் நீர்புகாத் துணிப்பை வேண்டும், 20 லீற்றர் காணும்.

மே முதல் செப்ரெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் நனையும். ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை பதுளை, பண்டாரவளைப் பக்கம். பெப்ரவரியில் போகிறவர்களும் மழை ஜெக்கெற்றை விட்டுவிட்டுப் போகக்கூடாது.

நிறுத்துப் பார்த்த கணக்கு இது: மழை ஜெக்கெற் 350 கிராம், மெல்லிய பிளீஸ் (கம்பளி மாதிரியான மேற்சட்டை) 300, பொலியெஸ்ரர் ரீசேட் இரண்டு 300, மாற்றுக் காற்சட்டை 350, உள்ளாடையும் காலுறையும் மூன்று சோடி 250, சாரம் 300, செருப்பு 300, சவர்க்காரமும் மருந்தும் 400, சார்ஜரும் பவர் பேங்கும் 350. பையோடு சேர்த்து மூன்றே முக்கால் கிலோ. ஒன்றரை லீற்றர் தண்ணீரோடு ஐந்தேகால். துவாய் கிடையாது, சாரமே துவாய், இரவில் போர்வையும் அதுதான். ஜீன்ஸை வீட்டில் விடுங்கள்: நுவரெலியா ஈரத்தில் இரண்டு நாளானாலும் இடுப்புப் பட்டி காயாது. சிவனொளிபாதமலை ஏறுகிறவர்கள் ஒரு ரீசேட்டை உலர்ந்தபடியே உச்சிவரை கொண்டுபோக வேண்டும். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் வியர்த்து நனைந்த சட்டையோடு 2,243 மீற்றரில் விடியும்வரை நின்றால் எந்த ஜெக்கெற்றும் காப்பாற்றாது.

பையின் இடுப்புப் பட்டி வெறும் நாடா, பாரம் தாங்காது. அதனால் அடுக்கும் விதத்தில் கவனம் வேண்டும். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் கிடந்தாலும் கூடை முதுகோடு ஒட்டித்தான் நிற்கும். அதே மாதிரி பவர் பேங்க், மருந்துப் பை போன்ற கனமானவற்றை முதுகுப்பக்கம், தோள்பட்டை உயரத்தில் வையுங்கள். வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னால் இழுக்கும். பக்கப் பொக்கெற் ஆழமில்லை, குனிந்தால் தண்ணீர்ப் போத்தல் விழும். போத்தல் கழுத்தில் ஒரு நூல் கட்டித் தோள்பட்டியில் மாட்டினால் தீர்ந்தது. முன் சிப்பின் பல் அளவு 5ஆம் இலக்கம். முட்டமுட்ட அடைத்தால் வளைவுகளில் பல் பிரியும், அந்த இடத்துக்கு 8 போட்டிருக்க வேண்டும்.

துணியின் உட்பூச்சு பொலியுரித்தேன். ஈரத்தோடு அலுமாரியில் கிடந்தால் அது பிசுபிசுத்து, பிறகு தோல் மாதிரி உரியும். ஈரம் காயாத வீடுகளில் சீக்கிரமே. திரும்பி வந்ததும் எல்லா சிப்பையும் திறந்து, தலைகீழாக நிழலில் தொங்கவிடுங்கள். சுடுதண்ணீரும் வொஷிங் மெஷினும் ஆகாது. கூடாரம், உறங்குபையோடு போகிறவர்கள் இந்தப் பையைத் தொடவே வேண்டாம்.