மோர்ஸ் பழக எது வழி: படமா, சொல்லா, காதா?

குறுகிய புள்ளியும் நீண்ட கோடுமாக, ஒலியாலோ ஒளியாலோ எழுத்துக்களை அனுப்பும் மோர்ஸ் குறியீட்டைப் பழக வேண்டும் என்று வருகிற பொடியன்மாரிடம் முதலில் நான் கேட்பது ஒன்றுதான்: அனுப்பவா, கேட்கவா? சாரணர் சின்னத்துக்காக எழுத்துக்களைத் தெரிந்துகொண்டு, கல்லடிக் கடற்கரையில் டோர்ச் அடித்துக் காட்டினால் போதும் என்பவருக்கு ஒரு வழி. இரவில் சிற்றலை வானொலியைத் திருகி, எங்கோ ஒருவர் தட்டுவதைக் காதால் கேட்டுக் கொப்பியில் எழுத வேண்டும் என்பவருக்கு வேறு வழி. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியே பாதிப் பேர் நடுவில் கைவிடுகிறார்கள்.

படத்திலிருந்து தொடங்குவோம். ஆங்கில எழுத்தின் உருவத்துக்குள்ளேயே புள்ளியும் கோடும் வரைந்த அட்டை ஒன்று உண்டு. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் பெயரோடு சேர்த்து அதைச் சொல்வார்கள். பார்க்க அழகு. ஒரே நாளில் பாதி எழுத்து மனதில் நிற்கும். ஆனால் காதில் ஒலி விழும்போது கண் முன்னால் படம் வர வேண்டும், அதில் கோடு எங்கே என்று தேட வேண்டும், அதற்குள் அடுத்த எழுத்து போய்விடும். 2018 இல் கூகுள் தன் ஜிபோர்ட் விசைப்பலகைக்கு மோர்ஸைக் கொண்டுவந்தபோது படம் காட்டிப் பழக்கும் விளையாட்டு ஒன்றையும் விட்டது. அங்கே அது பொருந்தும். உடல் இயக்கம் குறைந்தவர்கள் ஒன்றிரண்டு பொத்தானால் தட்டச்சு செய்வதற்கு வந்த ஏற்பாடு அது. அவர்கள் அனுப்பினால் போதும், கேட்க வேண்டியதில்லை.

புள்ளிக்கு இடப்பக்கம், கோட்டுக்கு வலப்பக்கம் என்று கிளை பிரிந்து போகும் மர வரைபடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தாளில் எழுதிய மோர்ஸைப் படிக்க உதவும், அவ்வளவுதான்.

சொல் வழிதான் சுவாரசியமானது: ஒரு எழுத்தின் புள்ளி, கோட்டு ஓட்டத்திலேயே ஓடும் ஒரு சொல்லையோ வாசகத்தையோ அதற்குப் பிடித்து வைப்பது. இணையத்தில் கிடைக்கும் ஆங்கில வாசகங்கள் ஆங்கிலக்காரருடைய அழுத்தத்தில் ஓடுபவை. நம் வாயில் அந்த அழுத்தம் விழாது. செக் மொழிக்காரர் வேறு விதமாகச் செய்கிறார்கள்: குறுகிய உயிர் புள்ளி, நீண்ட உயிர் கோடு. ஏ எழுத்துக்கு அவர்களுடைய சொல் ‘அகாட்’, ஒரு மரத்தின் பெயர். குறிலும் நெடிலும் பிறந்ததிலிருந்தே காதில் இருக்கிற நமக்கு இதைவிட வசதி வேண்டுமா? மெய்யெழுத்து வராத சொல்லாகத் தேடினால் சரி. ‘அடா’ என்றால் ஏ. ‘மாமா’ எம். ‘நாடு’ என். ‘காகமே’ கே. ‘உறவே’ யூ. ‘சிறகு’ எஸ். ‘ஓடாதே’ ஓ. ‘வராதே’ டபிள்யூ. ‘பாடியது’ பி. ‘சேதி கேளு’ சி. வை எழுத்துக்கு ‘யாருடா நீ’. இதைச் சொல்லிக் கொடுத்தால் ஒருவரும் மறப்பதில்லை.

அளவு மட்டும் கொஞ்சம் இடிக்கும். நெடிலுக்கு இலக்கணம் கொடுப்பது 2 மாத்திரை. மோர்ஸ் கோடோ புள்ளியைப் போல 3 மடங்கு. ‘மாஅமாஅ’ என்று அளபெடையாக இழுத்தால் கணக்கு நேராகிவிடும், அளபெடைக்கு 3 மாத்திரைதானே.

ஆனால் ஓட்டைகள் உண்டு. வி, டபிள்யூ இரண்டும் நமக்கு வகரம். ‘வருகுதே’ எது, ‘வராதே’ எது என்று குழம்பும். எஃப், எக்ஸ், இசட் ஆகியவற்றுக்கு எழுத்தே இல்லை. எல் எழுத்துக்கு ஒழுங்கான சொல் எனக்கு இன்னும் அகப்படவில்லை. லகரத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்று இலக்கணமே கதவைச் சாத்திவிட்டது. (ஆர் எழுத்துக்கு ‘ரசீது’ கச்சிதமாக உட்காரும், அதுவும் வந்தேறிச் சொல்.) இவற்றையெல்லாம் ஒட்டுப் போடலாம். பெரிய குறை வேறு: ஒலியைக் கேட்டு, சொல்லைத் தேடி, அதிலிருந்து எழுத்துக்கு வர வேண்டும். அனுப்பும்போது நேரம் உங்கள் கையில். கேட்கும்போது அது அடுத்தவர் கையில்.

“மெதுவாக அடித்தால் பிடித்துவிடலாம்தானே” என்று எல்லோரும் நினைப்பார்கள். நிமிடத்துக்கு 5 சொல் வேகத்தில் ஒரு புள்ளி 240 மில்லி விநாடி. கோடு, கோடு, புள்ளி, கோடு என்ற கியூ எழுத்து முடிய மூன்று விநாடிக்கு மேலாகும். ஒருநாள் இதை இப்படி மெதுவாக அடித்துக் காட்டியபோது, பக்கத்தில் இருந்த பொடியன் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு விரலை மடக்கினான். நாலாவது விரலோடு நின்று, “அண்ணன், கடைசிக் கோடு வரக்குள்ள முதலாவது மறந்து போகுது, மறுகா ஒருக்கா அடிங்க” என்றான். அதே எழுத்து 20 சொல் வேகத்தில் முக்கால் விநாடியளவில் முடிந்துவிடும். எண்ண நேரமில்லை என்பதால் காது அதை ஒரே துண்டாக வாங்கும். மெதுவாக எண்ணிப் பழகியவர்கள் 10 சொல் வேகத்தை நெருங்கும்போது முட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான்.

அதனால் கேட்கப் பழகுவோருக்கு உண்மையான போட்டி இரண்டு முறைகளுக்கு இடையில்தான். 1930களில் ஜேர்மன் உளவியலாளர் லுட்விக் கோக் சொன்னது: முதல் நாளே முழு வேகம், ஆனால் இரண்டே எழுத்து. நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக எழுதும்போது மூன்றாவதைச் சேர். ஃபார்ன்ஸ்வேர்த் முறையில் எழுத்து முழு வேகத்தில் ஒலிக்கும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளியை மட்டும் நீட்டிவிட்டு, பழகப் பழகக் குறைப்பார்கள்.

என் வாக்கு கோக்குக்கே. கூத்துப் பழக்கும் நம் பக்கத்து அண்ணாவியார் வடமோடிக் கூத்தின் தாளக்கட்டை எழுதிக் கொடுத்தா பழக்குகிறார்? வாயால் சொல்வார், மத்தளத்தில் விழும், ஆடுகிறவர் காலில் வாங்குவார். ஒவ்வொரு அடியாகப் பிரித்து எண்ணினால் ஆட்டம் வராது. கோக் முறையும் அப்படித்தான். ஆனால் பொறுமையைச் சோதிக்கும். வாரக் கடைசியில் தன் பெயரைக்கூட எழுத முடியாமல் கேயும் எம்மும் யூவுமாகவே கொப்பி நிறைந்தால் யாருக்கும் அலுக்கும். ஃபார்ன்ஸ்வேர்த்தில் சீக்கிரமே சொற்கள் கேட்கும், உற்சாகம் நிற்கும்; நீண்ட இடைவெளியில் மனம் திரும்பவும் படத்தையும் சொல்லையும் தேடப் போவதுதான் அதன் ஆபத்து.

எனவே கோக் வரிசை, அதோடு ஃபார்ன்ஸ்வேர்த் இடைவெளி. பயிற்சிச் செயலிகள் பலவற்றில் இரண்டையும் தனித்தனியாக அமைக்கலாம்: எழுத்து வேகம் 20, மொத்த வேகம் 10. இன்றைய செயலிகள் வழக்கமாகத் தரும் வரிசை கே, எம், யூ, ஆர், ஈ, எஸ் என்று போகும். அதாவது காகமே, மாமா, உறவே, ரசீது. முதல் நாள் கூச்சம் போக இந்தச் சொற்களைச் சொல்லிக் கொடுப்பேன். மறுநாளிலிருந்து கேட்டால் முறைப்பேன். சின்னம் மட்டும் வேண்டியவர்கள் சொல்லோடு தாராளமாக நின்றுகொள்ளலாம்.

அவசரம் ஒன்றும் இல்லை. 1999 பெப்ரவரியில் கப்பல்களின் அவசரத் தொடர்பு மோர்ஸை விட்டு முழுதாக வெளியேறியது. 2003 இல் உலக வானொலித் தொடர்பு மாநாடு அமெச்சூர் (பொழுதுபோக்கு) வானொலி உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வு வைப்பதா இல்லையா என்பதை அந்தந்த நாட்டிடமே விட்டுவிட்டது.

எண்களுக்கு எந்த முறையும் தேவையில்லை. ஒவ்வொன்றும் ஐந்து ஒலி; 1 முதல் 5 வரை புள்ளி முன்னால் ஒன்றொன்றாகக் கூடும், 6 முதல் கோடு முன்னால் கூடி 0 இல் ஐந்தும் கோடாகும். எண்ணில் தொடங்க விரும்புவோர் நம் இலங்கையின் அமெச்சூர் அழைப்புக்குறியின் தொடக்கமான 4எஸ்7 ஐ எடுத்துக்கொள்ளலாம் (புள்ளிக்கு ‘தி’, கோட்டுக்கு ‘தா’): திதிதிதிதா, திதிதி, தாதாதிதிதி.