டொலேடோவும் செகோவியாவும் ஒரே நாளில், சாப்பாட்டோடு: இந்தப் பேக்கேஜ் வேண்டாம்

ஸ்பெயினில் மாட்ரிட் போகத் திட்டமிட்டு இணையத்தில் தேடினால் இந்த விளம்பரம் வந்து நிற்கும்: காலையில் பஸ் ஏறினால் டொலேடோ, செகோவியா என இரண்டு பழைய நகரங்கள், டொலேடோ கதீட்ரல், செகோவியாவில் ரோமானியர் கட்டிய நீர்ப்பாலம், நடுவில் பாரம்பரிய விருந்து, இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்ப மாட்ரிட். ஆளுக்கு 130 யூரோவுக்குக் கொஞ்சம் மேலே. நான், கணவர், அத்தை மூன்று பேரும் போனோம். கொடுத்த காசில் பாதிக்குக்கூட ஒன்றும் கிடைக்கவில்லை. கம்பெனி பெயரை எழுதவில்லை. இதே சரக்கைப் பல பேர் பல பெயரில் விற்கிறார்கள்; பெயரைவிட அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்வதுதான் உபயோகம்.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். டொலேடோ மாட்ரிட்டுக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டர். செகோவியா வடமேற்கே, மலை தாண்டி, சுமார் 90 கிலோமீட்டர். இரண்டும் எதிரெதிர்த் திசை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக மாட்ரிட்டைக் கடந்துதான் போக வேண்டும். ஆக நான்கு மணி நேரத்துக்கும் மேல் பஸ்ஸிலேயே போய்விடும். விளம்பரத்தில் இந்தக் கணக்கு எங்கேயும் இல்லை.

டொலேடோவில் இறங்கியதும் நேரே ஒரு 'கைவினைப் பட்டறை'. எஃகுத் தகட்டில் தங்கக் கம்பியைப் பதித்துச் செய்யும் தமஸ்கினாதோ வேலை அந்த ஊரின் பெருமை, அதில் சந்தேகமே இல்லை. வாசலில் ஒரு பெரியவர் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் அதைக் காட்டிவிட்டு, பின்னால் இருந்த பெரிய கடைக்குள் தள்ளிவிட்டார்கள். உள்ளே அச்சு அசலாக ஒரே மாதிரி நூற்றுக்கணக்கில் மெஷினில் செய்த தட்டுகள், வாள்கள், சாவிக்கொத்துகள். முக்கால் மணி நேரம் வெளியே விடவில்லை. கைடு கல்லாப் பக்கம் நின்று யார் என்ன வாங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கேயே மசாபான் என்ற பாதாம் இனிப்பையும் விற்றார்கள். 'டொலேடோ மசாபான்' என்பது புவிசார் குறியீடு உள்ள பொருள். குறைந்தது பாதிக்குப் பாதி பாதாம் இருக்க வேண்டும், பெட்டியில் அதற்கான முத்திரையும் இருக்கும். எங்களுக்கு நீட்டிய பெட்டியில் கோட்டைப் படம் மட்டும்தான் இருந்தது. விலை, ஊருக்குள் முத்திரையோடு விற்பதைவிட அதிகம். அத்தை ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, "வெறும் சர்க்கரைப் பாகு" என்று வைத்துவிட்டார்.

சரி, கதீட்ரலாவது பார்ப்போம் என்றால், மிச்சமிருந்த நேரத்தில் அதை வெளியே இருந்து காட்டினார்கள். 13ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய அந்தக் கோயிலின் சிறப்பெல்லாம் உள்ளேதான் இருக்கிறது. கூரையில் துளை போட்டு வெளிச்சத்தை இறக்கிய பலிபீடம், எல் கிரேக்கோவின் ஓவியங்கள், எல்லாம். "டிக்கெட் சேர்த்தியில்லை, நேரமும் இல்லை" என்றார் கைடு. கொஞ்ச தூரத்தில் சாந்தோ தோமே கோயிலில் எல் கிரேக்கோவின் 'ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்' என்ற ஓவியம் இருக்கிறது. அதையும் தெருவில் நின்றபடி வாயால் வர்ணித்தார்.

அப்புறம் செகோவியா விருந்து. கொச்சினீயோ எனப்படும் பால்குடிப் பன்றிக்குட்டி வறுவல் அந்த ஊரின் பேர்போன சாப்பாடு. தட்டின் விளிம்பாலேயே வெட்டும் அளவுக்கு மெத்தென்று இருக்கும், விளம்பரத்திலும் அந்தப் படம்தான். கணவர் அதற்காகவே வந்தார். மேசைக்கு வந்ததோ காய்ந்த கோழித் துண்டும் உருளைக்கிழங்கு வறுவலும். கொச்சினீயோ வேண்டுமென்றால் 'அதற்குத் தனி மெனு' என்று மேலே காசு கேட்டார்கள்.

அத்தை சுத்த சைவம். புக் செய்யும்போதே எழுதி, சைவ உணவு உண்டு என்ற பதிலும் வாங்கியிருந்தேன். அவருக்கு வைத்தது ஹூதியோனெஸ், பக்கத்து லா கிராங்ஹா ஊரின் பெரிய வெள்ளை மொச்சையில் செய்யும் குழம்பு. "இதென்னம்மா மிதக்குது?" என்றார். பன்றிக் காது, சோரிசோ என்ற பன்றி இறைச்சித் தொத்திறைச்சித் துண்டுகள். அந்தக் குழம்பைச் செய்வதே அப்படித்தான். கைடிடம் சொன்னால், அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு மொச்சையை மட்டும் சாப்பிடச் சொல்கிறார்! ஸ்பெயின் போகும் சைவர்கள் கவனிக்க: பச்சைக் காய்கறி சாலட்டில் சூரை மீனும், சூப்பில் ஹாமும் (பன்றித் தொடைக்கறி) வெகு இயல்பாகக் கிடக்கும். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. ஹாம், மீன் என்று தனித்தனியாகக் கேளுங்கள். அத்தை அன்று ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் சாப்பிட்டார்.

அந்த ரொட்டிக்கும் பில் வந்தது. தண்ணீர் பாட்டிலுக்கும். உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்த எங்களுக்கு 'டெரஸ் கட்டணம்' வேறு, அதாவது வெளியே போட்ட மேசைக்கான கட்டணம். அங்கேயுள்ள நடைமுறை இது: ரொட்டிக்கோ டெரஸுக்கோ காசு வாங்கலாம், ஆனால் மெனுவில் விலை போட்டிருக்க வேண்டும், அதுவும் வரி சேர்த்த விலையாக. 2022இல் வந்த சட்டப்படி குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும். தகராறு வந்தால் சத்தம் போட வேண்டாம், 'ஓஹா தே ரெக்லமாசியோனெஸ்' கேளுங்கள். அது அதிகாரப்பூர்வப் புகார்ப் படிவம். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். நான் கேட்டதும் சர்வர் உள்ளே போய் வந்தார், டெரஸும் ரொட்டியும் பில்லிலிருந்து காணாமல் போயின.

இதற்கெல்லாம் பஸ்ஸே தேவையில்லை. மாட்ரிட் அதோச்சாவிலிருந்து டொலேடோவுக்கு வேக ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இறங்கும் ஸ்டேஷனே பார்க்க வேண்டிய கட்டடம். செகோவியாவுக்குச் சமார்த்தின் ஸ்டேஷனிலிருந்து அரை மணி நேரம்தான். ஆனால் அங்கே இறங்கும் கியோமார் ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருக்கிறது, அங்கிருந்து 11ஆம் எண் பஸ் நீர்ப்பாலத்தடியில் விடும். சாந்தே இல்லாமல் கருங்கல்லை அடுக்கி 28 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் அந்தப் பாலத்துக்கு எங்கள் கைடு கொடுத்தது ஒரு போட்டோ எடுக்கும் நேரம். ஊருக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் செலவு குறைவுதான்.

பணம் திரும்பக் கேட்பது சுலபமில்லை. ராத்தங்கல் இல்லாத, 24 மணி நேரத்துக்குள் முடியும் சுற்றுலாவுக்கு ஐரோப்பாவின் பேக்கேஜ் பயணப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. தேதி குறித்து வாங்கிய பொழுதுபோக்குச் சேவை என்பதால், இணையத்தில் வாங்கியதை 14 நாளில் ரத்து செய்யும் உரிமையும் கிடையாது. கம்பெனி எங்களுக்கு அனுப்பியது அடுத்த பயணத்துக்கான தள்ளுபடிக் கூப்பன். அதனால் கார்டு கொடுத்த வங்கியில், சொன்ன சேவையைத் தரவில்லை என்று புகார் போட்டிருக்கிறோம். விளம்பரப் பக்கத்தை புக் செய்த அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார் கணவர். நல்லதாகப் போயிற்று. நாங்கள் புகார் எழுதிய பிறகு அந்தப் பக்கத்தில் கதீட்ரலுக்குப் பக்கத்தில் 'வெளியிலிருந்து' என்று புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்.