லோகோ செய்யக் கொடுக்கிறீர்களா? மாக்கப் படத்தை நம்பி மீதிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் புதிதாகத் தொழில் தொடங்கி லோகோ செய்யக் கொடுக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் எங்களை ஏமாற்றிய டிசைன் அலுவலகத்தின் பெயரைப் போடவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் போதும், வேறு பெயரில் வந்தாலும் ஆளைப் பிடித்துவிடலாம்.

நானும் அண்ணியும் கடலூரில் வறுத்த முந்திரி பாக்கெட் போட்டு விற்கிறோம். பருப்பு பண்ருட்டியிலிருந்து வருகிறது. மிளகு, பூண்டு, உப்பு போட்டு வறுப்பதெல்லாம் வீட்டில்தான். புதுச்சேரியில் ஒரு டிசைன் அலுவலகத்தில் லோகோ, விசிட்டிங் கார்டு, பாக்கெட் ஸ்டிக்கர் மூன்றுக்கும் சேர்த்து 18,000 ரூபாய் பேசி, பாதியை அட்வான்ஸாகக் கொடுத்தோம். “உங்க பிராண்டுக்குன்னே புதுசா வரைஞ்சு தருவோம் மேடம்” என்று நேரில் சொன்னதை வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இப்போது என் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

அப்புறம் படங்கள் வந்தன. தங்க நிறத்தில் மினுங்கும் ஒரு முந்திரி, பக்கத்தில் இரண்டு இலை, கீழே பெயர். அதையே கருங்கல் சுவரில் ஒளிரும் போர்டாக, காபி கப்பில், டி-ஷர்ட்டில், ஒரு வேனின் பக்கவாட்டில் என்று விதவிதமாகக் காட்டினார்கள். எங்களிடம் வேனே கிடையாது. இந்த மாதிரிப் படங்களுக்கு மாக்கப் என்று பெயர். சுவரும் கப்பும் வேனும் ஏற்கெனவே தயாராக இருக்கும், நடுவில் எந்தப் படத்தைப் போட்டாலும் தானாகப் பொருந்திக்கொள்ளும். பொண்ணுக்கு மேக்கப் போட்டு விளக்கு வெளிச்சத்தில் காட்டுகிற மாதிரிதான். “அப்ரூவ்டுன்னு ஒரு வார்த்தை போடுங்க, பேலன்ஸ் வந்ததும் ஃபைனல் ஃபைல் அனுப்பிடறோம்” என்றார்கள். அனுப்பினோம். வந்தது ஒரு ஜேபெக், ஒரு பிஎன்ஜி. அவ்வளவுதான்.

திருப்பாதிரிப்புலியூரில் ஃப்ளெக்ஸ் அடிக்கப் போனால், கடைத் தம்பி கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிக் காட்டினார். முந்திரியின் ஓரமெல்லாம் படிக்கட்டாக நின்றது. “ஒடையுதுக்கா, கோரல் ஃபைல் இல்லன்னா வெக்டர் பிடிஎஃப் வாங்கிட்டு வாங்க” என்றார். கோரல் என்பது டிசைன் செய்கிற மென்பொருள். வெக்டர் என்றால் கோடுகளாகவே வரைந்த ஃபைல். தபால் தலை அளவுக்கும் அடிக்கலாம், பனையுயர போர்டுக்கும் அடிக்கலாம், ஓரம் உடையாது. அதே தம்பிதான் இன்னொன்றையும் காட்டினார். லோகோவுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு தமிழ் வரி இருந்தது. அதில் ‘பெ’ வரும் இடத்தில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. தமிழுக்கான செட்டிங் இல்லாத மென்பொருளில் ஒட்டினால் இப்படித்தான் கொம்பும் காலும் இடம் மாறும். அதைக்கூட அங்கே ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை.

ஸ்டிக்கர் அடிக்கிறவர் சொன்னது வேறு கதை. தங்க நிறம் திரையில்தான் மினுங்கும், நான்கு வண்ண அச்சில் பழுப்பு மஞ்சளாகத்தான் விழும் என்றார். பிற்பாடு ஸ்டிக்கர் ஒட்டாமல் பவுச்சிலேயே அச்சடிக்கப் போனால் ஒவ்வொரு கலருக்கும் ஒரு அச்சு சிலிண்டர், அதற்குக் காசு தனி. கறுப்பு ஒரே கலரில் அடித்துப் பார்த்தோம். முந்திரியும் இலையும் ஒன்றாகி, ஏதோ பூச்சி மாதிரி இருந்தது. ரூபாய்க் குறியைப் பாருங்கள். 2010-இல் வந்தது, வரைந்த உதயகுமார் நம் பக்கத்துக் கள்ளக்குறிச்சிக்காரர். மளிகைக் கடைச் சிட்டையில் பேனாவால் கிறுக்கினாலும் அது ரூபாய் என்று தெரிகிறது. நல்ல லோகோவுக்கு அந்தச் சோதனை போதும் என்பது என் அபிப்பிராயம்.

புதுச்சேரி அலுவலகத்தில் ஓப்பன் ஃபைல், அதாவது அந்த வெக்டர் ஃபைலைக் கேட்டதற்கு, அதற்குத் தனியாக 6,000 ஆகும் என்றார்கள். பேசும்போது வாயே திறக்காத விஷயம். சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே அண்ணி அந்த முந்திரியை, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தார். அதே முந்திரி, அதே இரண்டு இலை, தயார் டிசைன்கள் கிடைக்கும் ஒரு டெம்ப்ளேட் தளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக் கிடக்கிறது! அதையே வைத்து ஒரு தலைமுடி எண்ணெய்கூட விற்கிறது. கேட்டால், “எல்லாரும் இப்படித்தான் மேடம் பண்றாங்க” என்று பதில். அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை.

டிரேட்மார்க் பார்க்கும் ஒருவரிடம் போனோம். தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்குமே சென்னை கிண்டி அலுவலகம்தான். விண்ணப்பம் ஆன்லைனில், தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு (பொருள்களைப் பிரித்திருக்கும் பிரிவு) 4,500 ரூபாய், வறுத்த முந்திரி 29-ஆம் வகுப்பு, பதிவானால் 10 ஆண்டு. இந்தப் படத்தோடு போடாதீர்கள், பெயரை மட்டும் போடுங்கள் என்றார். பொதுவில் கிடைக்கும் டெம்ப்ளேட் படத்துக்குத் தனி உரிமை கேட்க முடியாது. கான்வா போன்ற டெம்ப்ளேட் தளங்களின் விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது. லோகோ ஓரத்தில் வட்டத்துக்குள் ஆர் வேறு போட்டுக் கொடுத்திருந்தார்கள். பதிவாகாமல் அதைப் போடுவது சட்டப்படி தப்பாம். பார்த்த உடனே எடுக்கச் சொன்னார்.

அவர் சொன்னதில் எனக்கு மிகப் புதிதாக இருந்தது பதிப்புரிமை. காசு கொடுத்துவிட்டதாலேயே படம் நம்முடையதாகிவிடாது. வெளியாள் வரைந்தால், எழுதிக் கையெழுத்துப் போட்டு மாற்றித் தராதவரை உரிமை பொதுவாக வரைந்தவரிடமே இருக்கும். அந்தத் தாளிலும் எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் அட்வான்ஸ் கொடுக்கும்போதே இதையெல்லாம் எழுதி வாங்குங்கள்: வெக்டர் ஃபைல், கறுப்பு ஒரே கலர் வடிவம், என்ன ஃபான்ட், டெம்ப்ளேட் படம் இல்லை என்ற உறுதி, உரிமை மாற்றம். எழுதித் தர மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

இப்போது கடலூர் முதுநகரில் போர்டு எழுதும் பெரியவர் ஒருவர் பெயரைத் தூரிகையால் எழுதிக் கொடுத்தார். படம் எதுவும் இல்லை, எழுத்து மட்டும்தான். ஃப்ளெக்ஸ் கடைத் தம்பி அதைக் கோரலில் டிரேஸ் செய்தார். புதுச்சேரிக்குக் கொடுத்ததில் கால்வாசிகூடச் செலவில்லை. ரப்பர் ஸ்டாம்பில்கூட ஒழுங்காக விழுகிறது.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். அதன் பிறகு ஒரு மெசேஜ் வந்தது, ஓப்பன் ஃபைலை ‘இலவசமாக’ தருகிறார்களாம். பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. உங்கள் லோகோவையும் ஒரு முறை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். இதே கதை என்றால் வாட்ஸ்அப் பேச்சையும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு ஒரு வரி போடுங்கள். எந்த அலுவலகம் என்று தனியாகச் சொல்கிறேன்.