வறுத்த வெண்டை விதைப் பொடி: சரக்கு நல்லது, லேபிள் தப்பு

வறுத்து அரைத்த வெண்டை விதைப் பொடி ஒரு பாக்கெட் வாங்கிப் பயன்படுத்திப் பார்த்தேன். பொடி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பாக்கெட்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் ஊட்டச்சத்து அட்டவணை சுத்தமாகத் தவறு, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

100 கிராமுக்கு 33 கலோரி, புரதம் 2 கிராம், கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை, அதோடு வைட்டமின் சி வேறு நிறைய இருக்கிறதாம். இதெல்லாம் பச்சை வெண்டைக்காயின் கணக்கு. இளங்காயில் 100க்கு 90 பங்கு தண்ணீர், அதனால்தான் அந்த எண்கள் அவ்வளவு சின்னதாக இருக்கின்றன. முற்றிக் காய்ந்த விதை வேறு சரக்கு. ரகத்தையும் விளைந்த மண்ணையும் பொறுத்துக் கூடும் குறையும் என்றாலும், அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு புரதம், கிட்டத்தட்ட அதே அளவுக்கு எண்ணெயும் உண்டு. ஒரு சிட்டிகைப் பொடியை வெள்ளைத்தாளில் வைத்து விரலால் நன்றாக அழுத்திப் பாருங்கள், தாளில் எண்ணெய்க் கறை படியும். கொழுப்பே இல்லாத பொருள் இப்படிக் கறை விடுமா? கலோரியைக் கணக்குப் பார்த்துச் சாப்பிடுகிறவர் இந்த லேபிளை நம்பினால் என்ன ஆவது!

விதையின் உண்மையான பெருமையை இவர்கள் சொல்லவே இல்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். தானியப் புரதத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் வெண்டை விதையில் நன்றாகவே இருக்கிறது, ஆகவே தானிய உணவோடு சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும். எண்ணெயில் அதிகம் இருப்பது லினோலெயிக் அமிலம், அதாவது ஒமேகா 6 வகை. அடுத்து பால்மிட்டிக் என்ற நிறைவுற்ற கொழுப்பும் கணிசமாக உண்டு. ஒமேகா 3 வேண்டும் என்று இதை வாங்காதீர்கள், அது பேருக்குத்தான் இருக்கிறது. பொட்டாசியம், மெக்னீசியம், நார்ச்சத்து எல்லாம் நல்ல அளவில் கிடைக்கும்.

வறுத்த பொடி என்பது நல்ல விஷயம். வெண்டை பருத்திக் குடும்பத்துச் செடி, பருத்தி விதையில் இருப்பதுபோல இதன் எண்ணெயிலும் ஸ்டெர்குலிக், மால்வாலிக் என்ற வேண்டாத கொழுப்பு அமிலங்கள் சிறிதளவு உண்டு, சூடு பட்டால் அவை குறையும். அப்புறம், விதைப்புக்கு விற்கும் விதையை வாங்கி வீட்டில் வறுக்கலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அதில் பெரும்பாலும் பூஞ்சணக்கொல்லி பூசியிருப்பார்கள்.

மணம் அருமை, வறுவல் வாசனையும் லேசான கசப்பும். வெந்நீரில் கலந்து குடித்தால் காப்பி நினைவு வரும், ஆனால் கஃபீன் கிடையாது. வெண்டைக்காயின் கொழகொழப்பும் இல்லை, தோல் துகள் மட்டும் மண்டிபோல அடியில் தங்குகிறது, இன்னும் கொஞ்சம் நைசாக அரைத்திருக்கலாம். எண்ணெய் உள்ள பொடி என்பதால் திறந்து வைத்தால் சீக்கிரம் காறல் அடித்துவிடும், காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது உத்தமம். பாக்கெட்டில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

"சர்க்கரை நோயைக் குணமாக்கும்" என்று மட்டும் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அப்படி நிரூபணம் எதுவும் கிடையாது. எலிகளில் செய்த ஒரு சோதனையில், வெண்டைக்காயின் நீரில் கரையும் பகுதி, சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை உடலில் சேருவதைக் குறைத்திருக்கிறது. அது காயைப் பற்றியது, விதையைப் பற்றியது இல்லை. இருந்தாலும் அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பொடிக்கு நான்கு நட்சத்திரம், லேபிளுக்கு ஒன்றுகூடத் தர மாட்டேன். சாப்பிடுவதற்கென்றே விற்கும் முழு விதை கிடைத்தால் அதையே வாங்கி, தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக வறுத்து அரைத்துக்கொள்ளுங்கள்.