எப்பொக்சி நல்லதுதான், அந்தப் பிணைச்சல்தான்...

பூநகரியில் தெரிந்த தம்பி ஒருவர் தன்னுடைய சின்னப் பாய்ப் படகின் உள்வேலையைத் தானே செய்யப் போகிறாராம். "அண்ணை, எப்பொக்சி வாங்கவா, சும்மா ரெசின் காணுமா?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற கதையில்லை, எழுதிவிடுகிறேன்.

எப்பொக்சியே வாங்கட்டும். அது ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹாட்னரையும் அளவாகக் கலந்து ஒட்டுகிற பசை. பைபர் போட் செய்கிறவர்கள் பாவிப்பது பொலியெஸ்டர் ரெசின். விலை குறைவு, புது வேலைக்கு நல்லது. பழைய பைபரில் பலகை ஒட்ட வந்தால்தான் அதன் பிடி போதாது. என் படகில் முன்பு தட்டுப்பலகையில் கால் வைத்தால் சளக் என்று தண்ணீர் மேலே வரும். எப்பொக்சியில் ஒட்டிய பிறகு மாரி மழையெல்லாம் கண்டும் பலகை அசையவில்லை. பிளைவுட் தண்ணீர் குடிப்பது வெட்டுவாயில்தான். அங்கே மட்டும் இரண்டு மூன்று தரம் பூச வேண்டும்.

எங்கள் வெயிலில் ஒரு தொல்லை உண்டு. கோப்பையில் நிறையக் கலந்தால் தானே சூடேறிப் புகைந்து கட்டியாகிவிடும். விடியற்காலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, தட்டையான பாத்திரத்தில் ஊற்றி வைத்துக்கொள்ள வேண்டும். பொலியெஸ்டர் என்றால் சூட்டுக்கேற்ப ஹாட்னரைக் குறைக்கலாம். எப்பொக்சியில் அந்த விளையாட்டு இல்லை. அளவு பிசகினால் பிசுபிசுவென்றே கிடக்கும்.

சரி, இப்போது பிணைச்சலுக்கு வருகிறேன். போனும் சாப்பாடும் நனையாமல் வைக்க படகின் முன்பக்கத்தில், அணியத்தடியில் ஒரு பெட்டி அடித்தேன். மூடிக்குப் பிணைச்சலும் ஸ்குறூவும் "ஸ்டெயின்லெஸ்" என்று சொல்லித்தான் கடையில் தந்தார்கள். அடுத்த சோழகக் காற்று வருமுன்னே வெள்ளைப் பூச்சில் செம்மண் கரைந்தது போல வடிந்து நிற்கிறது. கழற்றப் போனால் ஒரு ஸ்குறூவின் தலை கையோடு வந்துவிட்டது, உடல் பலகைக்குள்ளேயே! ஸ்டெயின்லெஸ்ஸின் மேல் தோல் காற்றுப் பட்டால்தான் நிலைக்கும். ஈரப் பலகைக்குள் காற்றில்லாமல் உப்புத் தண்ணீரில் ஊறினால் அரித்துப்போகும். ஸ்டெயின்லெஸ்ஸில் 316 என்ற வகையில் இரண்டு மூன்று வீதம் மொலிப்டினம் என்ற உலோகம் இருப்பதால் உப்பைக் கொஞ்சம் தாங்கும். 304 என்ற வகையில் அது இல்லை. காந்தம் வைத்துப் பார்த்தும் இரண்டையும் பிரித்தறிய முடியாது. பெரிய போல்ட் என்றால் தலையில் 316 வகைக்குரிய ஏ4 என்ற குறி அடித்திருக்கிறதா பார்க்கலாம். இந்தச் சின்ன ஸ்குறூவில் எதைப் பார்ப்பது?

இத்தனைக்கும் துளையைப் பெரிதாகப் போட்டு, எப்பொக்சி நிரப்பி, இறுகிய பிறகு நடுவே திரும்பத் துளைத்துத்தான் பூட்டினேன். அதனால் பலகை இன்றைக்கும் பழுதில்லை. இரும்பு போய்விட்டது, பலகை இருக்கிறது. இந்த அநியாயத்தை யாரிடம் சொல்வது!

மூடி இப்போது ஒரு பக்கம் தொங்குகிறது, அலை அடித்தால் தண்ணீர் உள்ளே. எங்கள் கரையில் மற்றவர்கள் மூடி போட்ட பிளாஸ்ரிக் வாளியில் சோற்றுப் பார்சலைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் போகிறார்கள். ஒட்டிய வேலைக்கு முழுப் புள்ளியும் கொடுப்பேன். ஆனாலும் மறுபடி செய்வேனா என்றால், இன்றைய கோபத்தில், மாட்டேன். அந்தப் பெட்டியை அறுத்து எடுக்கத்தான் போகிறேன். எப்பொக்சி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, ஹாட்னரும் உண்டு. தம்பி வந்து எடுத்துக்கொண்டு போகட்டும்.